வெயிலில் வெளுக்காத பச்சை

ஸ்பிரிட் விளக்குக்குத் தீக்குச்சியைக் காட்டினேன். திரி பிடிக்கவில்லை. இரண்டாவது குச்சி, மூன்றாவது குச்சி. நான்காவது குச்சிக்கு உஸ்ஸென்று புகைந்து ஈரத்துணி கருகுகிற நாற்றம் அடித்தது. அரை நிமிஷத்துக்கு முன்புதான் அலமாரியிலிருந்து பச்சை ஸ்பிரிட்டை எடுத்து விளக்கில் ஊற்றியிருந்தேன். ஸ்பிரிட் என்றால் எரியவேண்டும். எவனோ அதைத் திருடிக்கொண்டு தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறான் என்று அங்கேயே முடிவு கட்டினேன். அதுவரை நான் நினைத்தது சரி. அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் நான் நினைத்ததில் ஒன்றுகூடச் சரியில்லை.

1970ஆம் வருஷம், பொங்கல் முடிந்த வாரம். காஞ்சிபுரத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு தனியார் கல்லூரியில் நான் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பெயர் கமலாட்சி, வயது இருபத்தைந்து, வேலை தற்காலிகம். ஜூன் மாதம் நிரந்தரமாக்குவதாகப் பிரின்ஸ்பால் சொல்லியிருந்தார். வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை போன என் அண்ணன் குமாரவேல் மஞ்சள் காமாலையோடு வீட்டில் படுத்துக் கிடந்தான். நான் வேலைக்குப் போனால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

மதுவிலக்கு இருந்த காலம் அது. அடுத்த வருஷமே அதை எடுத்துவிட்டுத் தெருவுக்குத் தெரு கடை திறந்தார்கள் என்பது வேறு கதை. அப்போது ஒரு கல்லூரி செய்முறை வகுப்புக்கு ஸ்பிரிட் வைத்துக்கொள்ளவும் சர்க்காரிடம் பர்மிட் வாங்கவேண்டும். மார்ச் மாதம் மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் வந்து அளந்து பார்ப்பார். குறைந்தால் பதில் சொல்லவேண்டும். பதில் இல்லையென்றால் போலீஸ் கேஸ். பர்மிட்டில் பொறுப்பாளர் என்ற இடத்தில் இருந்தது என் கையெழுத்து.

புகுமுக வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை உண்டு. வெயில்பட்ட பூவரச இலையைப் பறித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, பிறகு ஸ்பிரிட்டில் போட்டு, அந்தக் குவளையைச் சுடுதண்ணீருக்குள் வைக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் இலை வெள்ளைக் காகிதமாகிவிடும், ஸ்பிரிட் பச்சையாகிவிடும். இலையின் பச்சையம் முழுக்க இறங்கிவிட்டது என்று அர்த்தம். வெளுத்த இலைமேல் அயோடின் விட்டால் கருநீலமாகும். வெயிலைப் பிடித்து அந்த இலை சமைத்து வைத்த மாவு அது. எத்தனை முறை காட்டினாலும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பச்சையான ஸ்பிரிட்டை நாங்கள் கொட்டுவதில்லை. சொட்டுக் குறைந்தாலும் கேள்வி என்பதால் பாட்டிலில் ஊற்றி மூடி வைப்போம். அவசரத்துக்கு விளக்கெரிக்கக் கொஞ்சம் எடுப்போம்.

அப்படி ஆறு பாட்டில் இருந்தது. அன்றைக்கே ஆறையும் சோதித்தேன். நான்கு எரியவில்லை. மூடியைத் திறந்தால் ஸ்பிரிட் வாசனை வரும். வாசனைக்கு மட்டும் கொஞ்சம் விட்டுவைத்த சாமர்த்தியம். தெளிந்த ஸ்பிரிட் பாட்டிலில் யாரும் கை வைக்கவில்லை. அதை வாரத்துக்கு இரண்டு முறை நான் அளப்பேன் என்பது ஊருக்கே தெரியும்.

எனக்குச் சந்தேகப் புத்தி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பால்காரி முகத்துக்கு எதிரேயே செம்பில் விரலை முக்கிப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் சிரித்தால் பையை மடியில் இறுக்கிக்கொள்வேன். 'உன் கண்ணுல யாருமே ஒழுங்கு இல்லடி' என்று அம்மா திட்டுவாள். யாரும் ஒழுங்கில்லைதான் என்று பதில் சொல்வேன்.

அலமாரிச் சாவி என்னிடம் இருக்கும். சாயங்காலம் ஆராய்ச்சி செய்ய வரும் ஸ்ரீபாலன் சாரிடம் கொடுத்துவிட்டுப் போவேன்; மறுநாள் காலை வாங்கிக்கொள்வேன். சாவியைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். நான் எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒருவர்தான். கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

ஸ்ரீபாலன் சார் துறையின் மூத்த ஆசிரியர், நாற்பத்தைந்து வயது. ஊருக்கு வெளியே திருப்பருத்திக்குன்றத்தில் வீடு. ஜைனர். அஷ்டமி, சதுர்த்தசி நாளில் பச்சைக் காய்கறி தொடமாட்டார். அன்றைக்கு ஆராய்ச்சிக்குக்கூட இலை பறிக்கமாட்டார். மரத்தடியில் குனிந்து குனிந்து, தானாக விழுந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். அதை அரைத்து, சாறை வடிதாள் கீற்றில் பொட்டு வைத்து, ஒரு திரவத்தில் நுனியை நனைத்துத் தொங்கவிடுவார். ஒரே பச்சையாக இருந்த பொட்டு, தாளில் ஏற ஏறப் பிரியும். உச்சியில் ஆரஞ்சு, அதற்குக் கீழே மஞ்சள், அப்புறம் நீலப்பச்சை, அடியில் மஞ்சள்பச்சை. வெயிலைப் பிடிக்க ஒரு இலை இத்தனை நிறம் வைத்திருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்க்கிறவர்போல் சொல்வார். பொழுது சாய்வதற்குள் சாப்பிடவேண்டும் என்று ஐந்தரைக்கெல்லாம் சைக்கிளை மிதிப்பார். முன்பெல்லாம் அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த ஓட்டமே எனக்குத் திருட்டு ஓட்டமாகத் தெரிந்தது.

அவர் குடிக்கிறவர் என்று நான் நினைக்கவில்லை. விற்கிறார் என்று நினைத்தேன். கள்ளச்சாராயத்துக்கு அலைந்த காலத்தில் காலேஜ் ஸ்பிரிட்டுக்கு நல்ல கிராக்கி.

யாரிடமும் சொல்லாமல் அவரைக் கவனித்தேன். ஒரு நாள் சாயங்காலம் குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தேன். குடை என் கையில்தான் இருந்தது. ஜன்னலோரம் அவர் நின்றிருந்தார். ஒரு பச்சைப் பாட்டிலைச் சாய்ந்த வெயிலுக்கு நேரே பிடித்து, பக்கவாட்டில் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு அதை ஜன்னல் திட்டிலேயே வைத்துவிட்டார்.

"என்ன சார் பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா." அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு சம்பந்தமே இல்லாமல், "அண்ணனுக்கு வேற வேலை கிடைச்சுதா?" என்றார்.

"இல்ல."

"வீட்டுல ஏதாவது கஷ்டம்னா என்கிட்ட சொல்லலாம், கமலாட்சி. தப்பா நினைச்சுக்க மாட்டேன்."

என் வாயை அடைக்கப் பார்க்கிறான் மனுஷன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு விதமாகவும் ஒரு சந்தேகம் வந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். குடையை எடுத்துக்கொண்டதாகப் பாவனை செய்துவிட்டு வெளியேறினேன்.

அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பேச்சு ஒரு மாதிரியாகவே இருந்தது. ஒரு நாள் வகுப்பு முடிந்து பேச்சுவாக்கில் சொன்னார். "இலைக்குள்ள பசுங்கணிகம்னு குட்டிக் குட்டியா இருக்குது பாருங்க, அதுக்குள்ள மெல்லிசான தட்டுங்களை அடுக்கி, அதுலதான் பச்சையத்தை உக்காத்தி வச்சிருக்குது. அந்த இடத்துல இருக்கிற வரைக்கும் அது வெயிலைப் பிடிச்சு வேலை செய்யும். அழிய அழிய இலை புதுசு செஞ்சுக்கிட்டே இருக்கும். அதையே வெளிய எடுத்துப் பாட்டில்ல வச்சா, அதே வெயில் அதைப் பத்து நாள்ல அழிச்சிடும். இடம் தவறினா யாருக்கும் அப்படித்தான்."

இது எனக்கு எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டேன். வேலையிலிருந்து தூக்கிவிடுவேன் என்று மிரட்டுகிறார்! வீட்டுக்குப் போன கையோடு பிரின்ஸ்பாலுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பாட்டில், தண்ணீர், சாவி, சாயங்கால ஆராய்ச்சி, ஜன்னலோரம் நின்ற கோலம் எல்லாவற்றையும் எழுதி, 'துறையின் மூத்த ஆசிரியரை விசாரிக்கும்படி' என்று அடிக்கோடிட்டேன்.

மூன்றாம் நாள் பிரின்ஸ்பால் அவரைக் கூப்பிட்டார். அரைமணி நேரம் உள்ளே இருந்தார். வெளியே வரும்போது வராந்தாவில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பரிதாபமாகப் பார்த்தார். அப்புறம் பிரின்ஸ்பால் என்னைக் கூப்பிட்டார்.

"ஒத்துக்கிட்டார்மா. ஆராய்ச்சிக்கு அளவு மீறிச் செலவு பண்ணிட்டேன், சொல்லப் பயந்து தண்ணி ஊத்திட்டேன்னு எழுதியே குடுத்துட்டார். செய்முறையில செலவானதுன்னு இன்ஸ்பெக்டருக்கு நான் சமாதானம் சொல்லிக்கிறேன். ஜூன்ல அவரைத்தான் துறைத் தலைவரா போடறதா இருந்தோம். அது இனிமே கிடையாது. ஆராய்ச்சியும் கிடையாது. நீங்க தைரியமா எழுதினீங்க, சந்தோஷம்."

எனக்கும்தான் சந்தோஷம். அன்று வீட்டுக்கு அரைக் கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலமாரிச் சாவி இனி என் ஒருத்தியிடம்தான் என்று ஆனது. தினமும் காலையில் ஆய்வுக்கூடம் பெருக்கும்போது மட்டும் அட்டெண்டர் துரைக்கண்ணுவிடம் சாவிக்கொத்தைக் கொடுப்பேன். அதை நான் எப்போதுமே கணக்கில் சேர்த்ததில்லை. துரைக்கண்ணு பெருக்குகிறவர், அலமாரிக்குள் தூசி தட்டுவார், பூட்டிக் கொண்டுவந்து தருவார். நெசவும் சாயமுமான பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிளில் வந்து எட்டு மணிக்கெல்லாம் வாளியோடு நிற்கும் தங்கமான மனுஷர். உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

பிப்ரவரிக் கடைசியில் இன்னொரு பிரிவுக்கு அதே இலைச் செய்முறை நடந்தது. இலையை ஸ்பிரிட்டில் போடும் கட்டத்தில் ரத்னமாலா என்ற மாணவி எழுந்து நின்றாள்.

"மேடம், முதல்லயே தண்ணியில கொதிக்க வச்சோமே, அந்தத் தண்ணியிலயே பச்சை இறங்கிடாதா? எதுக்கு ஸ்பிரிட்?"

"இறங்காது. பச்சையம் தண்ணியில கரையாது. ஸ்பிரிட்லதான்..." என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன்.

பச்சையம் தண்ணீரில் கரையாது. அந்த நான்கு பாட்டிலிலும் இருந்தது தண்ணீர். அப்படியானால் அவற்றில் இருந்த பச்சை எது? புகுமுக வகுப்புப் பெண்ணுக்குத் தோன்றுகிற கேள்வி எனக்கு ஒன்றரை மாதமாகத் தோன்றவில்லை. ஆளைப் பிடித்துவிட்டேன் என்ற வேகத்தில் பொருளைப் பார்க்கவே இல்லை. வகுப்பை எப்படி முடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் போனதும் ஜன்னல் திட்டைப் பார்த்தேன். ஸ்ரீபாலன் சார் அன்றைக்கு வைத்த பாட்டில் அங்கேயே இருந்தது. ஆறில் நல்ல பாட்டில் ஒன்றும் விளக்குக்காக அதன் பக்கத்திலேயே இருந்தது. தை, மாசி வெயிலில் ஒரு மாதமாக இரண்டும் காய்ந்திருந்தன. நல்ல ஸ்பிரிட் பழுத்த இலை நிறத்துக்குப் போய்விட்டது. தண்ணீர் பாட்டில் மட்டும் வைத்த அன்றிருந்த அதே பச்சையில் இருந்தது. அவ்வளவு அழகான பச்சை!

அலமாரியில் வெயில்படாமல் இருந்த இன்னொரு நல்ல பாட்டிலை எடுத்து வெயிலில் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தேன். மாணிக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது. பச்சையம் வெளிச்சத்தைப் பிடித்து, செலவழிக்க இடமில்லாமல் சிவப்பாகத் திருப்பித் தருகிற வேலை அது. தண்ணீர் பாட்டிலைப் பிடித்தேன். எந்தப் பக்கம் சாய்த்தாலும் பச்சை. அன்று சாயங்காலம் ஸ்ரீபாலன் சார் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடியது இந்தச் சிவப்பைத்தான் என்பது அப்போது புரிந்தது. அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தவர் ஏன் தான்தான் தண்ணீர் ஊற்றினேன் என்று எழுதிக் கொடுத்தார்?

மைக்ராஸ்கோப் துடைக்கப் பெட்டியில் வைத்திருந்த வெள்ளைப் பட்டுத் துண்டொன்றை அந்தத் தண்ணீரில் போட்டு, துளி அசிட்டிக் ஆசிட் விட்டுச் சூடாக்கினேன். இந்த ஊரில் பிறந்தவளுக்கு அதற்குமேல் சொல்லித்தர வேண்டாம். பச்சை பட்டில் ஏறிக்கொண்டது; பட்டு நூலுக்குப் போடுகிற சாயம்தான் அது. மூன்று தண்ணீரில் அலசினேன். மூன்றாவது தண்ணீர் தெளிவாக வந்தது. யார் கண்ணில் படுகிறது பார்க்கலாம் என்று அதை ஜன்னல் கம்பியில் உலர்த்திவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை நான் சீக்கிரமே வந்து மேஜையில் உட்கார்ந்திருந்தேன். துரைக்கண்ணு வாளியோடு வந்தார். ஜன்னலருகே போனவர் துண்டைப் பார்த்து நின்றார். கட்டைவிரலை நாக்கில் நனைத்து, துண்டின் ஓரத்தைப் பிடித்து அழுத்தித் தேய்த்தார். விரலைப் பார்த்தார். ஒட்டவில்லை. அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. சாயக்கார வீட்டில் பிறந்தவன் நல்ல சாயத்தைக் கண்டால் வருகிற திருப்தி. அப்புறம்தான் அது எங்கே தொங்குகிறது என்று அவருக்கு உறைத்தது. திரும்பி என்னைப் பார்த்தார். வாளி கையிலிருந்து நழுவித் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

"நீயா?" என்றேன். அதுவரை அவரை நான் நீ என்று சொன்னதில்லை.

"அம்மா..."

"விக்கறியா?"

"ஐயோ, இல்லம்மா! சத்தியமா இல்ல. எங்கப்பாவுக்கும்மா."

எனக்கு ஆத்திரம் வந்தது. அதில் பாதிக்குமேல் என்மேலேயே வந்த ஆத்திரம். கத்தினேன். போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்றேன். அவர் காலில் விழவில்லை. "வந்து ஒரு தபா பாத்துட்டு அப்பால இன்னா வேணா செய்யிங்கம்மா" என்று மட்டும் சொன்னார். கதையளக்கிறாரா என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று அன்று மத்தியானமே லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

பிள்ளையார்பாளையத்துச் சந்தில் அவர் வீடு. வாசலில் மூங்கிலில் பட்டு நூல் கற்றைகள் காய்ந்துகொண்டிருந்தன. பின்னால் சாயத் தொட்டிகள். தொட்டிக்கு முன்னால் முக்காலியில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார்; பெயர் சின்னப்பையன். கை இரண்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. கரண்டியைப் பிடிக்க முடியாமல் மடியில் வைத்திருந்தார்.

"காத்தாலேர்ந்து குடுக்கலம்மா. நீங்க பாத்ததுக்கு அப்பால எப்பிடிக் குடுக்கறது?" என்றார் துரைக்கண்ணு. "கால் கிளாஸ் உள்ள போனாத்தான் கை நிக்கும். கை நின்னாத்தான் கலர் வரும். எங்க வூட்ல எட்டு பேரு இந்தக் கையாலதான் துன்றோம்."

"எந்த ஊர்லயாவது பச்சையா குடிப்பாங்களா?"

"கீரைத் தண்ணி மாரி இருக்குதுன்னாரு. ரெண்டு பங்கு தண்ணி ஊத்திக் குடுப்பேன். எடுத்ததுல இன்னும் கொஞ்சம் வூட்ல இருக்குது."

எதிர்வீட்டிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். மனைவி கையைப் பிடித்து நடத்தி வந்து வெயிலில் உட்காரவைத்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. கண் திறந்தேதான் இருந்தது. பார்வை எங்கேயும் நிற்கவில்லை.

"இவரு கலியன்மா. எங்கப்பாவோட கூட்டாளி. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான், சாராயம் கெடைக்காம, மரத்துக்கு அடிக்கிற வார்னிஷ் வாங்கிக் குடிச்சுக்கினு இருந்தாங்க. போன ஆடியில ஒரு நாள் எங்கப்பாவுக்கு ஜுரம், போவல. இவரு போனாரு. மறுநா காலைல ரெண்டு கண்ணும் போச்சு. அன்னிக்கித்தாம்மா முத பாட்டிலைத் தொட்டேன். காலேஜ் சரக்குல வெஷம் கெடையாதுன்னு நீங்களே புள்ளைங்களுக்குச் சொல்லிக்கினு இருந்தீங்க."

சொன்னேன்தான். வார்னிஷ், எரிசாராயம் எல்லாம் விஷம், நாம் வைத்திருப்பது சுத்தமானது என்று வகுப்பில் சொன்னேன். பின்னால் பெருக்கிக்கொண்டிருந்தவர் கேட்டிருக்கிறார்.

"இனிமே நிறுத்திட்டா?"

அவர் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "நான் நிறுத்திடுவம்மா. அவரு வார்னிஷுக்குப் பூடுவாரு."

கிழவருக்கு நான் யாரென்று தெரிந்துவிட்டது. நடுங்குகிற கையைக் குவித்துக் கும்பிட்டார். "காலேஜ் டீச்சரம்மாவா? இவன் ஒரு பாட்டலைக் காட்டி இத்த மாரியே பச்சை வேணும்னான். ஒரே தபாதான்மா கலந்தேன், ஒத்துப்பூட்ச்சி. எப்பிடி, வெயில்ல வச்சிருந்தா மங்கலயே?"

"மங்கல" என்றேன்.

"நம்ம சாயம் மங்காதும்மா" என்று சிரித்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மூன்று சந்து தாண்டிய பிறகுதான் நான் அழுதுகொண்டு நடப்பது எனக்கே தெரிந்தது.

துரைக்கண்ணு செய்தது திருட்டுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரின்ஸ்பாலிடம் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் ஸ்ரீபாலன் சாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பட்டது. கூடவே பழைய புத்தியும் விடவில்லை. செய்யாத தப்பை எழுதிக் கொடுக்கிறவன் எதையாவது மறைக்காமல் கொடுப்பானா? அதையும் கேட்டுவிடவேண்டும். திருப்பருத்திக்குன்றத்துக்கு நடந்தே போனேன்.

பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருந்தது. அவர் மனைவி சாந்திமதி அவசரமாகப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவர் சாப்பிட்டு முடித்து, வாய் கொப்புளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நான் எழுந்து நின்றேன்.

"நீங்க எடுக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு சார். அந்தப் பாட்டில்ல இருக்கிறது சாயத் தண்ணி. என்னை மன்னிச்சிடுங்க."

"தெரியும்மா. ஜனவரியிலயே பார்த்துட்டேன். சிவப்பு வரல."

"அப்ப ஏன் சார் நீங்க எழுதிக் குடுத்தீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அவள் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"சாவி நம்ம ரெண்டு பேருகிட்டதானே இருந்துது, கமலாட்சி. நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

"என்னையா?" என்றேன்.

"அண்ணனுக்கு வேலை போச்சு, குடிச்சுக் குடிச்சுக் காமாலை வந்துடுச்சுன்னு வாலாஜாபாத்ல பேசிக்கிட்டாங்க. உங்களைக் கேட்டா உடைஞ்சு போயிடுவீங்கன்னு சுத்தி வளைச்சுக் கேட்டுப் பார்த்தேன். நீங்க பிடி குடுக்கல. எதையும் பூட்டிப் பூட்டி வைக்கிறவங்க, யாரையும் கிட்டச் சேர்க்காதவங்க... ஏதோ கஷ்டம் இருக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

என் அண்ணன் வெற்றிலைகூடப் போடமாட்டான். கெட்ட தண்ணீரால் வந்த காமாலை அது. அதைக் கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். வேறொன்றுதான் வந்தது.

"நான் உங்கமேல லெட்டர் எழுதினேனே சார். அப்ப என்ன நினைச்சீங்க?"

"பயத்துல எழுதிட்டீங்கன்னு நினைச்சேன். இன்ஸ்பெக்டர் வரப்போறாரு, யார் மேலயாவது போட்டாத்தான் தப்பிக்கலாம்னு எழுதினீங்க. எனக்கு வருத்தம்தான், இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா கேஸ் ஆனா நீங்க ஜெயிலுக்குப் போவீங்க. எனக்குப் போறது ஒரு பதவி." அப்புறம், "ஆராய்ச்சி போனதுதான் கஷ்டமா இருக்குது" என்றார்.

திருடிவிட்டுப் பழியை அவர் தலையில் போட்ட பெண் என்று என்னை நினைத்துக்கொண்டு, அந்தப் பழியை இந்த மனுஷர் வாங்கிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவரைத்தான் குடையைச் சாக்கிட்டு நான் வேவு பார்த்தேன். இனிப்பு வாங்கித் தின்றேன். அந்த நிமிஷம் எனக்கு என்னைக் கண்டாலே அருவருப்பாக இருந்தது.

"நீங்க எடுக்கலையா, அப்ப?" என்றார் அவர், என் முகத்தைப் பார்த்து. "யாரு எடுத்தது?"

துரைக்கண்ணு என்று சொல்லவேண்டும். ஒரே ஒரு பெயர். சொன்னால் நாளைக்குப் பிரின்ஸ்பாலுக்குப் போகும். அவர் ஒரு ஆசிரியருக்குச் சமாதானம் எழுதுவார், அட்டெண்டருக்கு எழுதமாட்டார். பிள்ளையார்பாளையத்துக்குப் போலீஸ் போகும். மகன் ஜெயிலில் இருக்கும்போது கிழவர் வார்னிஷ் கடையைத் தேடிப் போவார். சொல்லாவிட்டால் இவர் தலையில் இருப்பது இவர் தலையிலேயே இருக்கும். தினம் காலையில் சாவிக்கொத்தைத் தூக்கிக் கொடுத்தவள் நான். சுத்தமானது, விஷமில்லை என்று சொல்லிக் கொடுத்தவளும் நான். ஜூன் மாதமும், அண்ணன் படுத்திருக்கிற பாயும் கண்முன் வந்து நின்றன.

"நான்தான் சார்" என்றேன். "செய்முறையில செலவாயிடுச்சு, பயந்துபோய்ச் சாயத் தண்ணி ஊத்தினேன்னு நாளைக்கு எழுதிக் குடுத்துடறேன். உங்க பேரை எடுத்துடச் சொல்றேன். ஆராய்ச்சியைத் திரும்பக் குடுத்துடுவாங்க."

நம்பமாட்டார் என்று ஒரு மூலையில் எனக்கு ஆசை இருந்தது. இல்லம்மா, நீங்க அப்படிப்பட்டவங்க இல்ல என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் மெதுவாகத் தலையசைத்தார். "இப்பவாவது சொன்னீங்களே" என்றார். அவர் முகத்தில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை.